ஸ்போர்ட்ஸ் கார் கிளட்ச்: கியர் பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி நகரவில்லை என்றதும் எல்லோர் வாயிலும் வரும் முதல் பேச்சு, "கிளட்ச் போச்சு". அடுத்தது, "பாக்ஸை இறக்கணும்". இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று புதிதாக மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கும், பட்டறையில் புதிதாகக் கை வைக்க ஆரம்பித்திருக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன்.

சாதாரண காரென்றால் அவசரப்பட்டு பாக்ஸை இறக்கினாலும் ஒரு நாள் கூலியோடு போய்விடும். ஸ்போர்ட்ஸ் காரில் அப்படியில்லை. சிலவற்றில் பின்பக்கம் முழுவதையும் கழற்றினால்தான் பாக்ஸ் வெளியே வரும். கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு 300 கி.மீ.க்கு மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே போய், "பிளேட் நல்லாத்தான் இருக்கு, ஆயில் பைப்பில் ஏர்" என்று சொன்னால் யாருக்குமே வயிறு எரியும். வெளியிலிருந்து பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஃபிளைவீல் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. பிரஷர் பிளேட் அதன்மேல் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட். அது கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கிறது. பெடலில் கால் இல்லாதபோது பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங், பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், ஆயில் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், அது ரிலீஸ் பேரிங்கை ஸ்பிரிங்கின் விரல்கள்மேல் அழுத்தும், பிடி விட்டுவிடும்.

ஆகவே கேள்வி இது: பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லையா, விட வேண்டிய நேரத்தில் விடவில்லையா? ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறி வண்டி இழுக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. கியர் விழவில்லை, கரகரக்கிறது, கிளட்சை மிதித்திருந்தும் வண்டி நகர்கிறது என்றால் விடவில்லை. இரண்டையும் "கிளட்ச் போச்சு" என்றே சொல்கிறோம். ஆனால் காரணங்கள் வேறு, சோதனைகள் வேறு, செலவும் வேறு. "விடவில்லை" வகையில் பெரும்பகுதி ஆயில் சம்பந்தப்பட்டது. பல வண்டிகளில் பாக்ஸை இறக்காமலே சரியாகும்.

ஓனரிடம் இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழுது சூட்டில் மட்டும் வருகிறதா, காலையிலும் வருகிறதா? திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வந்ததா? வண்டி எத்தனை நாள் ஓடாமல் நின்றது? இன்ஜினுக்கு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பலர் தயங்கித்தான் பதில் சொல்வார்கள், விடாமல் கேளுங்கள். பிஎம்டபிள்யூ எம்2 மேனுவல் கம்பெனியிலிருந்து வரும்போதே 550 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் பலம்) தருகிறது. ஒரு ஸ்விஃப்டில் அது 110 சொச்சம்தான். கிளட்சின் அழுத்தும் பலம் கம்பெனி கொடுத்த டார்க்கை கணக்கில் வைத்து, அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டுச் செய்யப்பட்டது. ரீமேப்பில் நூறோ நூற்றைம்பதோ கூட்டிவிட்டால் தேயாத புது பிளேட் கூட வழுக்கும்.

இன்ஜினைப் போடாமல் பார்ப்பவை

கதவைத் திறந்ததும் பெடலுக்குக் கீழே பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மிதியடி கிடந்தால் பெடல் கடைசி வரை போகாது. கிளட்ச் முழுதாக விடாது. மிதியடியை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அப்புறம் பெடலைக் காலால் மிதிக்காமல் கையால் அழுத்துங்கள். காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். மேலேயிருந்து கீழே ஒரே சீராகக் கனமாக வந்து, விட்டதும் தானாக மேலே திரும்பினால் நல்லது. பாதி தூரம் வெறுமையாக இறங்கி அப்புறம் கனம் வந்தால், அல்லது மெத்தென்று இருந்தால், ஆயில் லைனில் ஏர், அதாவது காற்று புகுந்திருக்கிறது. கீழேயே ஒட்டிக்கொண்டு நின்றால் சிலிண்டரில் கோளாறு. பெடல் வழக்கத்தைவிட மிகவும் கனத்திருந்தால் பிரஷர் பிளேட் களைத்திருக்கலாம். பிளேட் தேயத் தேய டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் கோணம் மாறுவதால் கனம் கூடும். தானே சரிசெய்துகொள்ளும் வகை கிளட்சுகளில் இது அவ்வளவாகத் தெரியாது.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "கிளட்ச் மேலே பிடிக்குது, பிளேட் தேஞ்சு போச்சு" என்பார்கள். கேபிள் கிளட்ச் வண்டிகளுக்கு அது சரி. ஆயிலில் இயங்கும் கிளட்சில் தேய்மானத்துக்கு ஏற்ப ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் தானே இடம் மாறிக்கொள்வதால், பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பிடிக்கும் இடத்தை மட்டும் பார்த்து பிளேட்டுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்த இடம் தரையை ஒட்டி இறங்கிவிட்டிருந்தால் மட்டும் அது ஆயிலைச் சந்தேகப்பட நல்ல காரணம்.

ஆயில் சொல்லும் கதை

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாய் டப்பாவின் பக்கவாட்டில் உயரமான இடத்தில் இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் காயட்டும், பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. ஆகவே கிளட்ச் பெடல் திடீரென்று தொய்ந்து போனால் அதைப் பிரேக்குக்கான எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு எங்கே என்று தெரியாமல் அந்த வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம்.

ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். புதிதாக இருக்கும்போது தேன் நிறம். கறுத்திருந்தால் சீல் ரப்பர் கரைகிறது, அல்லது மாற்றிப் பல வருடமாகிறது. நம்மூர் ஈரக்காற்றில் இது முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ஓடும் கிளட்ச் லைனில் அந்தச் சூடு எட்டாத ஒன்றல்ல. சித்திரை வெயிலில் மகாமகக் குளத்தைச் சுற்றி அரை மணி நேரம் ஊர்ந்த வண்டியில் பெடல் தரைக்குப் போய், ஒரு மணி நேரம் நிழலில் நின்றதும் தானே திரும்பி வந்தால், பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள். ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆயிலை மாற்றி ஏர் எடுத்தால் போதும்.

டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் அது எங்கே போனது என்று தேட வேண்டும். பெடலின் தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை, காருக்குள் குனிந்து, ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் மாஸ்டர் சிலிண்டர். அடுத்தது ஸ்லேவ் சிலிண்டர். 996, 997 தலைமுறை போர்ஷே 911 கரேராவில் அது பாக்ஸின் வெளிப்பக்கம் மாட்டியிருக்கிறது; ரப்பர் உறையை ஒதுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிஸ்ஸான் 370இசட் போன்றவற்றில் அது பெல் ஹவுசிங்குக்குள் (இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடு), இன்புட் ஷாஃப்டைச் சுற்றியே இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க முடியாது. பெல் ஹவுசிங்கின் அடியில், இன்ஜினும் பாக்ஸும் சேரும் விளிம்பில் ஈரம் இருக்கிறதா என்பதுதான் ஒரே துப்பு.

அந்த ஈரம் என்ன ஆயில் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. விரலில் ஒரு சொட்டு தொட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து அதில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்து மறைந்துவிடும். இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் வட்டமாக மிதக்கும். மிதப்பதை மோந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், இல்லையென்றால் இன்ஜின் ஆயில். பிரேக் ஆயில் என்றால் ஸ்லேவ் சிலிண்டர். இன்ஜின் ஆயில் என்றால் கிராங்க் ஷாஃப்டின் பின் சீல். கியர் ஆயில் என்றால் இன்புட் ஷாஃப்ட் சீல். பிந்தைய இரண்டும் பிளேட்டை நனைத்து வழுக்க வைக்கும். வேலை முடிந்ததும் அந்த டம்ளரைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். பிரேக் ஆயில் விஷம். காரின் பெயின்ட்மேல் பட்டாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்து வரும்.

ஒரு விதிவிலக்கு. 996 தலைமுறை 911 டர்போவில் கிளட்ச் பெடலுக்கு உதவி பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து வருகிறது. அதில் ஓடுவது பென்டோசின் என்ற ஹைட்ராலிக் ஆயில். அங்கே பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் மொத்தமாகக் கெட்டுப்போகும். எந்த வண்டியானாலும் மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

விடுகிறதா என்ற சோதனை

சமதளமான காலி இடம். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. இன்ஜின் ஓடட்டும், நியூட்ரலில். கிளட்சை முழுதாக மிதித்து நான்கைந்து விநாடி அப்படியே பிடியுங்கள். இப்போது ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுகிறது. கரகரத்தால் விடவில்லை. புதிய வண்டிகள் சிலவற்றில் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) உண்டு, அவை கரகரக்காது. அதனால் இரண்டாவது சோதனையையும் செய்யுங்கள்: முதல் கியர், கிளட்ச் முழு மிதி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்சிலேட்டரை 2000 ஆர்பிஎம் வரை மெல்ல ஏற்றுங்கள். வண்டி முன்னால் நகரப் பார்த்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை.

விடவில்லை என்று தெரிந்ததும் பெடலை மூன்று நான்கு முறை வேகமாக மிதித்துவிட்டு மறுபடி கியர் போடுங்கள். இப்போது சுலபமாக விழுந்தால் கோளாறு ஆயில் லைனில்: ஏர், கசிவு, அல்லது சிலிண்டர் சீல். எத்தனை மிதித்தாலும் மாற்றமில்லை, பெடலும் நன்றாகக் கனமாக இருக்கிறது என்றால் கோளாறு உள்ளே.

உள்ளே என்றதும் உடனே பாக்ஸை இறக்கக் கிளம்பிவிடாதீர்கள். இங்கேதான் டெல்டாவுக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷெட்டில் மூடி வைத்த வண்டியைத் தை மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த ஓனர் எடுக்கிறார். ஸ்டார்ட் ஆகிறது. ஒரு கியரும் விழவில்லை. இன்ஜினை அணைத்தால் எல்லா கியரும் வெண்ணெயாக விழுகின்றன. பெடலில் குறையில்லை, ஆயில் குறையவில்லை, சொட்டுக் கசிவு இல்லை. இப்படி எல்லாம் சேர்ந்து வந்தால் ஏறக்குறைய உறுதி: இரும்பு ஃபிளைவீலில் துரு பூத்து கிளட்ச் பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இதைப் பிரிக்க ஒரு வழி உண்டு. நல்ல நீளமான காலி இடம் வேண்டும். தெருவில் செய்யக் கூடாது. இன்ஜினை நியூட்ரலில் ஓட விட்டு நன்றாகச் சூடாக்குங்கள். சூட்டிலேயே சில சமயம் விட்டுவிடும். விடவில்லையென்றால் இன்ஜினை அணைத்து, இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குதித்து நகரும், எதிர்பார்த்து இருங்கள். கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே மெதுவாக ஓட்டிக்கொண்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து விடுவதும் மறுபடி கொடுத்து விடுவதுமாக இருங்கள். ஒரு கட்டத்தில் "டக்" என்று பிரியும். இன்ஜின் வேகம் தனியாக ஏறும். பட்டறைகளில் சிலர் வேகமாகப் போய் பிரேக்கை அடித்துப் பிரிப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் அதைச் செய்ய நான் விட மாட்டேன். இரட்டை நிறை ஃபிளைவீலின் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) உள் ஸ்பிரிங்குகளும் டிரைவ் ஷாஃப்டும் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், அவற்றின் விலை கிளட்சைவிட அதிகம். மெதுவாகச் செய்து பிரியவில்லையென்றால் பாக்ஸை இறக்குங்கள்.

பிரிந்த பிறகு முதல் சில முறை வண்டி எடுக்கும்போது உதறும். துரு துடைபட்டதும் நின்றுவிடும். மார்கழிப் பனியில் காலை முதல் இரண்டு மூன்று எடுப்பில் உதறிவிட்டு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் வண்டிக்கும் இதே காரணம்தான். அதற்கு வேலை எதுவும் வேண்டாம்.

பிடிக்கிறதா என்ற சோதனை

இதற்கு ரோடு வேண்டும். கீழவாசலிலும் கோயில் வீதிகளிலும் நடக்காது. தஞ்சாவூர்–திருச்சி நான்கு வழிச்சாலை போல நீளமான, பார்வை தெளிவான ரோட்டில், மழை இல்லாத நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். ஓரத்தில் நெல் காயப் போட்டிருக்கும் காலமென்றால் வேறு நாள் பாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மீட்டரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓபிடி கருவி (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இருந்தால் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நான்காம் கியரில் 2000 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். கியர் மாறாதவரை வேகமும் ஆர்பிஎம்மும் ஒரே விகிதத்தில்தான் ஏற வேண்டும். உதாரணமாக ஒரு வண்டியில் நான்காம் கியரில் 3000 ஆர்பிஎம்முக்கு 80 கி.மீ. வேகம் என்றால், 3750 ஆர்பிஎம்மில் 100 இருந்தே ஆக வேண்டும். 3750 வந்தும் வேகம் 85லேயே நின்றால் நடுவில் கிளட்ச் வழுக்குகிறது. ஆர்பிஎம் முள் தாவியதும் காலை எடுத்துவிடுங்கள். வழுக்கும் ஒவ்வொரு விநாடியும் பிளேட்டைச் சுடும். இரண்டு முறைக்குமேல் வேண்டாம், நடுவில் ஆற விடுங்கள். டர்போ வண்டிகளில் உச்ச டார்க் தொடங்கும் இடத்தில்தான் வழுக்கல் முதலில் தலைகாட்டும். எம்2வில் அது 2650 ஆர்பிஎம் வாக்கில் வருகிறது. முதல், இரண்டாம் கியரில் நன்றாக இழுக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. கிளட்சின் ஆரம்ப வழுக்கல் மேல் கியரில்தான் தெரியும்.

சக்தி மிகுந்த வண்டியில் பின் சக்கரம் வழுக்குவதையும் கிளட்ச் வழுக்குவதையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். சக்கரம் சுழன்றால் டிராக்ஷன் விளக்கு மின்னும். கிளட்ச் வழுக்கும்போது அந்த விளக்கு வராது. டிராக்ஷன் கன்ட்ரோலை அணைக்காமல் சோதியுங்கள்.

வழுக்குகிறது என்று உறுதியானதும் பாக்ஸுக்குப் போகும் முன் கடைசியாக ஒன்று. லைனில் அழுத்தம் திரும்பாமல் சிக்கிக்கொண்டால், உங்கள் கால் பெடலில் இல்லாதபோதும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கும். மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை அடைத்திருக்கலாம், தண்டின் அளவு தப்பாக வைத்திருக்கலாம், ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளை (ஏர் எடுக்கும் சிறு திருகு) ஒரு நொடி திறந்து மூடுங்கள். ஆயில் பீய்ச்சியடித்து, அதன்பின் கிளட்ச் ஒழுங்காகப் பிடித்தால் பிளேட் நன்றாகத்தான் இருக்கிறது. வெளியில் உள்ள ஒரு சிலிண்டரோ ஹோஸோதான் செலவு. இந்தச் சோதனையைச் செய்யாமல் பாக்ஸை இறக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

வாடையைப் பற்றி

கருகிய வாடை வந்தாலே கிளட்ச் என்று நினைத்துவிடுகிறோம். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பங்குனி வாக்கில் உளுந்தும் பயறும் அறுத்துச் செடியோடு ரோட்டில் பரப்பி வைப்பார்கள், வண்டிகள் ஏறி மிதிக்க. உயரமான வண்டிகளுக்கு அது ஒன்றும் செய்யாது. தரையை ஒட்டிப் போகும் ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கொடி அடிப்பக்கம் வாரிக்கொண்டு வந்து எக்ஸாஸ்ட் மேலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேலும் சுற்றிக்கொள்ளும். பத்து கி.மீ. போனதும் புகை. அது காய்ந்த சருகு எரியும் வாடை. வண்டி நின்றிருந்தாலும் கூடிக்கொண்டே போகும். கிளட்ச் வாடை கண்ணைக் கரிக்கும், நெடியாக இருக்கும், வண்டி எடுக்கும் நேரத்தில் வந்து நின்றால் மெல்ல அடங்கும். சருகு வாடை என்று பட்டால் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி உடனே அடியில் பாருங்கள். தீப்பிடிக்கக் கூடிய விஷயம் அது. உலர்ந்த செடிக் குவியலின்மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

சத்தம், உதறல்

நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது கேட்டு, கிளட்சை மிதித்தால் நின்றுபோகும் சத்தம் பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்க ஆரம்பித்ததும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். முழுதாக மிதித்துக் கியரில் நிற்கும்போது மட்டும் வந்தால், கிராங்க் ஷாஃப்ட் பக்கம் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். இன்ஜினை அணைக்கும் கணத்தில் தடதடவென்று அடித்தால் இரட்டை நிறை ஃபிளைவீலைச் சந்தேகியுங்கள். ஆனால் 997 தலைமுறை 911 ஜிடி3 ஆர்எஸ் போல எடை குறைந்த ஒற்றை நிறை ஃபிளைவீல் போட்ட வண்டிகள் நியூட்ரலில் கடகடக்கத்தான் செய்யும். அதற்கு வைத்தியம் தேவையில்லை.

சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஃபிளைவீலில் சூட்டுத் திட்டுகள் இருக்கலாம். இன்ஜின் மவுன்ட் கிழிந்தாலும் இதே உதறல் வரும் என்பதால் முதலில் மவுன்ட்டைப் பாருங்கள்.

பெடலே இல்லாத வண்டி

போர்ஷே பிடிகே போன்ற இரட்டை கிளட்ச் பாக்ஸ்களில் கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கிறது. மேலே சொன்ன சோதனைகள் செல்லாது; ஸ்கேனர் இல்லாமல் கை வைக்காதீர்கள். பழைய ஃபெராரி எஃப்1, லம்போர்கினி கல்லார்டோ இ-கியர் வகைகளில் உள்ளே இருப்பது சாதாரண உலர் கிளட்ச்தான், மிதிக்கும் வேலையை மட்டும் கம்ப்யூட்டர் செய்கிறது. தேய்மானம் எவ்வளவு என்று சரியான ஸ்கேனரில் சதவீதமாகவே படிக்கலாம். பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பாக்ஸ் இறங்கியே தீர வேண்டும் என்றால்

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போக வேண்டாம். தட்டையான மேடை உள்ள ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிளேட்டை எடுத்ததும் ரிவெட் தலைக்கும் மேற்பரப்புக்கும் எவ்வளவு ஆழம் மிச்சம் என்று அளக்க வேண்டும், 0.3 மி.மீ. அளவுக்கு வந்திருந்தால் ஆயுள் முடிந்தது. ஆழம் நிறைய இருந்து மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தால் தேய்மானம் காரணமில்லை, சூடு. ஓட்டும் விதமோ ரீமேப்போ காரணம். ஆயில் ஊறியிருந்தால் சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் சில மாதத்தில் மறுபடி இதே வேலை. ஃபிளைவீலில் நீலத் திட்டு, முடிபோல மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை நிறை ஃபிளைவீலை லேத்தில் கொடுத்துச் சீர் செய்யலாம். இரட்டை நிறை ஃபிளைவீலைச் சீர் செய்கிறேன் என்று யாராவது லேத் பட்டறைக்கு எடுத்துப் போனால் தடுத்துவிடுங்கள்.

ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், உள்ளே இருக்கும் வகையென்றால் ஸ்லேவ் சிலிண்டர், இவற்றை நன்றாக இருந்தாலும் இப்போதே மாற்றிவிடுங்கள். பாகத்தின் விலையைவிட மறுபடி இறக்கும் கூலி அதிகம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஃபிளைவீல் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீளும் வகை. அவற்றைப் புதிதாகப் போட்டு, டார்க் ரென்ச்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கழற்றிய பாகங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏர் எடுக்கும்போது நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனை, பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். குமிழ் வருவது நின்ற பிறகும் சில முறை தொடருங்கள். உள்ளே ஸ்லேவ் சிலிண்டர் உள்ள வண்டிகளில் வெறிபிடித்தாற்போல மிதித்துத் தள்ளாமல் மெல்ல, முழுதாக மிதித்து விட வேண்டும்.

புது கிளட்ச் படிய 500 முதல் 800 கி.மீ. பிடிக்கும். அதுவரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், ஹாஃப் கிளட்சில் நிற்க வேண்டாம். கும்பகோணத்துக்குள் தினமும் எடுத்து நிறுத்தி ஓட்டுவது, ஹைவேயில் ஒரே கியரில் போவதைவிட பிளேட்டைச் சீக்கிரம் படிய வைக்கும். 800 கி.மீ. முடிந்ததும் அதே நான்காம் கியர் சோதனையை ஒருமுறை செய்து, ஆர்பிஎம்மையும் வேகத்தையும் எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.